வலிக்கலைன்னா நல்ல செருப்புன்னு அர்த்தமில்ல

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகப் பேச்சைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

வீட்ல வயசான அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா யாராவது இருந்தா இந்த எபிசோட் உங்களுக்குத்தான். இன்னைக்குப் பேசப்போறது செருப்பைப் பத்தி.

சிரிக்காதீங்க. யோசிச்சுப் பாருங்க. அம்மாவுக்கு போன் வாங்கும்போது நாலு ரிவ்யூ பார்க்கிறோம். அப்பாவுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது பத்து பேரைக் கேட்கிறோம். செருப்பு மட்டும் அவங்களே பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில வாங்கிக்கறாங்க. பழசு வார் அறுந்ததும் அதே மாதிரி இன்னொரு ரப்பர் செருப்பு. நாம கேட்கிற ஒரே கேள்வி, "சௌகரியமா இருக்காம்மா?" அவங்க சொல்ற ஒரே பதில், "மெத்துன்னு இருக்குப்பா."

அந்தப் பதிலை மட்டும் நம்பக் கூடாதுங்கறதுதான் இந்த எபிசோட். கால் உணரும் வரைக்கும்தான் சௌகரியம் ஒரு அளவுகோல். வயசாகும்போது, முக்கியமா சர்க்கரை இருக்கும்போது, அந்த உணர்வே மெல்லக் குறையலாம். அப்புறம் எந்தச் செருப்பும் கடிக்காது, எல்லாச் செருப்பும் சௌகரியமாத்தான் இருக்கும். அதுதான் ஆபத்து.

இது எனக்குத் தோணின தத்துவம் இல்ல. இதை உலகத்துக்குச் சொன்ன கதை நம்ம செங்கல்பட்டுல ஆரம்பிக்குது. முதல்ல அங்கே போவோம்.

திருமணியில் ஒரு கைகுலுக்கல்

செங்கல்பட்டுல திருமணின்னு ஒரு இடம். அங்கே 1924-ல லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1955-ல மத்திய அரசு அதை எடுத்துக்கிச்சு. இன்னைக்கு அதுதான் மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்.

1947-ல அங்கே தலைமை மருத்துவரா இருந்தவர் ராபர்ட் காக்ரேன். அவரைப் பார்க்க வேலூர் சி.எம்.சி.யிலிருந்து ஒரு இளம் எலும்பு அறுவை மருத்துவர் வந்தார். பெயர் பால் பிராண்ட். வெளிநாட்டுப் பெயரா இருந்தாலும் 1914-ல நம்ம கொல்லிமலையில பிறந்தவர். ரெண்டு பேரும் வளாகத்தைச் சுத்தி நடக்கிறாங்க. விரல்கள் மடங்கிப்போன கைகளை வழியெல்லாம் பார்க்கிறார் பிராண்ட். ஏன் இப்படி ஆகுதுன்னு கேட்கிறார். காக்ரேன்கிட்ட பதில் இல்ல. எலும்பு மருத்துவர்கள் யாரும் இந்த நோயாளிகள் பக்கமே வந்ததில்ல, அப்புறம் யாருக்குத் தெரியும்?

பிராண்ட் ஒரு இளைஞர்கிட்ட தன் கையைக் கொடுத்து, முடிஞ்ச அளவு அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மடங்கிப்போன விரல், பலம் இருக்காதுன்னு நினைச்சார். அந்தப் பிடியில இவர் கையே வலிச்சிருச்சு. பிடிச்சவருக்கோ, தான் அவ்வளவு அழுத்தறோம்னே தெரியல. சதையில பலம் இருக்கு, ஆனா உணர்வு இல்ல.

அந்தப் பிடியைத் தொடர்ந்து போனவருக்குப் பல வருஷ ஆராய்ச்சியில கிடைச்ச விடை இதுதான். தொழுநோயில விரல் தானா அழுகி விழறதில்ல. கிருமி நரம்பைக் கெடுக்குது. நரம்பு போனா வலி போகுது. வலி இல்லாததால சூடான பாத்திரத்தைப் பிடிச்சாலும் தெரியாது, ஆணி ஏறினாலும் தெரியாது. காயத்தோடயே வேலை செய்வாங்க, காயத்தோடயே நடப்பாங்க. சீழ் பிடிச்சு எலும்பு வரைக்கும் போகும். விரல்களை இழக்க வைச்சது பெரும்பாலும் தினசரி வாழ்க்கையின் சின்னச் சின்னக் காயங்கள்தான்.

பிராண்டே எழுதியிருக்கிற ஒரு சம்பவம் இருக்கு. ஒரு தடவை நீண்ட பயணம் முடிச்சு லண்டன் போய்ச் சேர்ந்தார். ராத்திரி சாக்ஸைக் கழட்டும்போது ஒரு குதிகால்ல உணர்வே இல்ல. ஊசியால குத்திப் பார்த்தார், வலிக்கல. தனக்கும் நோய் வந்திருச்சுன்னு நினைச்சு ராத்திரி முழுக்கத் தூங்கல. காலையில மறுபடி குத்தினார், சுரீர்னு வலிச்சது. ரயில்ல ரொம்ப நேரம் உட்கார்ந்து கால் மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். வலிச்சதுக்காகச் சந்தோஷப்பட்ட மனுஷன் அவர்.

ஒரு கல்லும் ஒரு நடையும்

இப்போ காலுக்கு வருவோம். செருப்புக்குள்ள ஒரு சின்னக் கல் போயிடுச்சு. என்ன பண்ணுவோம்? ரெண்டு அடி நடந்து நின்னு, உதறிட்டுப் போவோம். உணர்வு இல்லாத கால் அந்தக் கல்லோடயே சாயங்காலம் வரைக்கும் நடக்கும்.

இன்னொண்ணு, கல்லே இல்லைன்னாலும் நடக்கிறது. நாம ரொம்ப தூரம் நடந்தா, நமக்கே தெரியாம நடையை மாத்திக்கிறோம். முன்பாதம் கொஞ்சம் நோகும்போது எடையைப் பக்கவாட்டுக்குக் கொண்டு போறோம், அடியைச் சின்னதா வைக்கிறோம். வலி பின்னாடி இருந்து நம்மை ஓட்டிக்கிட்டே இருக்கு. உணர்வில்லாத கால் காலையில எந்த இடத்துல அழுத்திச்சோ அதே இடத்துலதான் ராத்திரி வரைக்கும் அழுத்தும். அந்த இடம் சூடாகும், காய்ப்பு வரும், காய்ப்புக்கு அடியில புண் வரும்.

இதுக்கு மருந்தா வந்ததுதான் ஒரு செருப்பு. எம்.சி.ஆர். செருப்புன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. மைக்ரோ செல்லுலார் ரப்பர். ரப்பருக்குள்ள கண்ணுக்குத் தெரியாத அளவுல காற்று அறைகள் இருக்கும், அதனால அழுத்தம் ஒரே இடத்துல விழாம பாதம் முழுக்கப் பரவும். 1950-கள்ல வேலூர், கரிகிரி பக்கம் பிராண்டும் கூட இருந்தவங்களும் இந்த வகைச் செருப்புகளைச் செஞ்சு பார்த்து வளர்த்தாங்க. இன்னைக்கும் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்துல தேவைப்படறவங்களுக்கு இலவசமாத் தர்றாங்க.

அதோட அமைப்பைக் கவனிங்க, நாம வாங்கும்போது உதவும். உள்ளே காலைத் தாங்குற மென்மையான ரப்பர். வெளியே முள், ஆணி ஏறாத கெட்டியான ரப்பர். ரெண்டு அடுக்கு. ஆணி அடிக்கவே கூடாது, ஒட்டணும் இல்லைன்னா தைக்கணும். வார் அளவு மாத்திக்கிற மாதிரி இருக்கணும். முக்கியமா, குதிகாலுக்குப் பின்னாடி ஒரு வார். ஏன்னா உணர்வில்லாத கால்ல இருந்து செருப்பு கழண்டு விழுந்தாலும் அவங்களுக்குத் தெரியாது, அப்படியே நடந்து போயிடுவாங்க.

தொழுநோய்க் கதை நமக்கு எதுக்கு?

சர்க்கரைதான் காரணம். ஐ.சி.எம்.ஆர். நடத்தின ஆய்வு 2023-ல வந்தது. இந்தியாவுல சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்குன்னு அது சொல்லுது. பல வருஷம் சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லைன்னா, அதுவும் கால் நரம்பைத்தான் தொடும். நோய் வேற, ஆனா கால்ல நடக்கிறது கிட்டத்தட்ட அதேதான். உணர்வு குறையும், காயம் தெரியாது, கூடவே ரத்த ஓட்டமும் குறைஞ்சா புண் ஆறாது. கால் எடுக்க வேண்டி வர்ற பல கதைகளுக்குப் பின்னாடிப் போய்ப் பார்த்தா, தொடக்கத்துல ஒரு சின்னக் கொப்புளம் இருக்கும்.

செருப்பு மாத்தினா மட்டும் என்ன ஆயிடப் போகுதுன்னு தோணலாம். சென்னை ராயபுரத்துல இருக்கிற எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனை மருத்துவர்கள் ஒரு ஆய்வு செஞ்சாங்க. 2004-ல டயாபடிஸ் கேர் இதழ்ல வந்தது. ஏற்கனவே கால்ல புண் வந்து ஆறினவங்களைச் சேர்த்தாங்க. ஒரு பகுதியினருக்கு எம்.சி.ஆர். மாதிரி மென்மையான உள்ளடி வச்ச செருப்பு, இன்னொரு பகுதியினருக்கு வழக்கமான செருப்பு. 9 மாசம் கழிச்சுப் பார்த்தா, வழக்கமான செருப்பு போட்டவங்கள்ல 100-க்கு 33 பேருக்குப் புதுப் புண். சரியான செருப்பு போட்டவங்கள்ல 100-க்கு 4 பேருக்கு. அதனாலதான் இதை ஃபேஷன் விஷயமா நான் பார்க்கல.

"எங்க அம்மாவுக்குச் சர்க்கரையே இல்லையே"ன்னு சொல்றவங்களும் கொஞ்சம் இருங்க. வயசு மட்டுமே காலை மாத்தும். பாதத்துல 26 எலும்பு. அதையெல்லாம் இழுத்துக் கட்டி வச்சிருக்கிற தசைநார் வருஷக் கணக்குல தளரும். பாத வளைவு தாழும், கால் அகலமாகும், கொஞ்சம் நீளவும் செய்யும். குதிகாலுக்கு அடியில இருக்கிற கொழுப்பு மெத்தை மெலிஞ்சு துள்ளலை இழக்கும். சாயங்காலம் வீங்கும். கட்டைவிரல் பக்கம் எலும்பு புடைக்கும். 40 வயசுல அம்மா 6-ஆம் நம்பர் போட்டாங்கன்னா 65-லயும் அதே 6 தான்னு நினைக்கிறோம். நாமதான் நினைக்கிறோம், காலுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

நம்ம காலுக்குச் செய்யாத நம்பர்

நம்பர்னு சொன்னதும் ஒரு விஷயம். நம்ம கடைகள்ல இருக்கிற 6, 7, 8 எல்லாம் பிரிட்டிஷ்காரங்க அளவு. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நீளத்துல அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம், சுமார் 8.5 மில்லிமீட்டர். அந்த நம்பர் நீளத்தை மட்டும்தான் சொல்லும், அகலத்தைச் சொல்லாது.

சென்னை அடையாறுல மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, 1948-ல தொடங்கினது. அவங்களும் காலணி வடிவமைப்பு நிறுவனமும் சேர்ந்து, 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க 79 இடங்கள்ல, 1 லட்சத்துக்கும் மேற்பட்டவங்களோட பாதங்களை ஸ்கேன் பண்ணி அளந்தாங்க. நம்ம கால் ஐரோப்பிய, அமெரிக்கக் காலை விட அகலம்னு தெரிய வந்தது. இந்தியக் காலுக்குன்னு "பா" அப்படின்னு ஒரு புது அளவு முறையைப் பரிந்துரை செஞ்சாங்க. பாரத்ல வர்ற பா.

இதுல நம்ம வீட்டுக்கு என்ன? அகலம் பத்தலைன்னு ஒரு நம்பர் பெருசா வாங்குறோம். அகலத்துக்காக நீளத்தையும் சேர்த்து வாங்கிட்டோம். முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற அந்த நுனி படியில தடுக்கும். இளசுங்க தடுமாறி நிப்போம், 70 வயசுல தடுக்கினா இடுப்பெலும்பு. அதனால நம்பரைப் பெருசாக்காதீங்க. அகலமான வடிவத்தைத் தேடுங்க, இல்லைன்னா வார் தளர்த்திக்கிற மாதிரி வாங்குங்க.

இந்த ஞாயித்துக்கிழமை செய்யுங்க

சரி, என்ன செய்யலாம்? அரை மணி நேர வேலைதான்.

முதல்ல உணர்வு. இப்ஸ்விச் தொடு பரிசோதனைன்னு பேர், எந்தக் கருவியும் வேணாம். அம்மாவைப் படுக்க வச்சுக் கண்ணை மூடச் சொல்லுங்க. உங்க ஆள்காட்டி விரல் நுனியால அவங்க கால் விரல் நுனியை மெல்லத் தொடுங்க, ஒண்ணு ரெண்டு விநாடி. அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, கூசக் கூடாது. ஒவ்வொரு கால்லயும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல். மொத்தம் 6 இடம். தொட்டது தெரிஞ்சா "வலது", "இடது"ன்னு சொல்லணும். ரெண்டு இடமோ அதுக்கு மேலயோ தெரியலைன்னா டாக்டரைப் பார்க்கணும். பயமுறுத்த வேண்டாம், ஆனா தள்ளிப் போடவும் வேண்டாம். அரசு மருத்துவமனைகள்ல "பாதம் பாதுகாப்போம்"னு இதுக்காகவே ஒரு திட்டம் இருக்கு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

ரெண்டாவது, கண்ணும் கையும். பாதத்தோட அடியைப் பாருங்க, விரல் இடுக்கைப் பாருங்க. குனிஞ்சு பார்க்க அவங்களால முடியாது, அதனாலதான் நீங்க. அப்புறம் புறங்கையை வச்சுத் தடவுங்க. ஒரே ஒரு இடம் மட்டும் மத்த இடத்தை விடச் சூடா இருந்தா அங்கே ஏதோ அழுத்துதுன்னு அர்த்தம். பிராண்டும் நோயாளிகளோட காலைத் தடவித்தான் சூடான இடத்தைத் தேடினார். ஆணி, காய்ப்பு இருந்தா பிளேடால வெட்டாதீங்க, டாக்டர் செய்யட்டும்.

மூணாவது, அளவு. சாயங்காலம் எடுங்க, கால் வீங்கியிருக்கும் நேரம். ஒரு தாள் மேல நிக்க வச்சு, பென்சிலை நேராப் பிடிச்சு ரெண்டு காலையும் வரையுங்க. உட்கார வச்சு வரைஞ்சா கால் சின்னதாத் தெரியும். ரெண்டுல பெரிய கால்தான் கணக்கு. இப்போ அவங்க தினம் போடற செருப்பை அந்தப் படத்து மேல வச்சுப் பாருங்க. பென்சில் கோடு செருப்புக்கு வெளியே போகுதா? பல வீட்ல போகும். அந்தத் தாளை மடிச்சுக் கடைக்கு எடுத்துட்டுப் போங்க.

கடையில என்ன பார்க்கணும்?

விரலுக்கு முன்னாடி கொஞ்சம் இடம், சுமார் 1 செ.மீ. விரல் பகுதி கூரா இல்லாம அகலமா. பின்னாடி வார், இல்லைன்னா ஷூவா இருந்தா குதிகாலைப் பிடிக்கிற கெட்டியான பின்பக்கம். அடி தாழ்வா, அகலமா, வழுக்காம. கையில எடுத்து மடக்குங்க. விரல் மடங்குற இடத்துல மடங்கினா நல்லது, நடுவுல துணி மாதிரி மடிஞ்சா வேணாம்.

மெத்துன்னு இருக்கிறதெல்லாம் நல்லதுன்னு நினைக்காதீங்க. தலைகாணி மாதிரி தடிச்ச, ரொம்ப மென்மையான அடி போட்டா, தரை எங்கே இருக்குன்னு கால் உணர்றது குறையும். வயசானவங்க அதுல தள்ளாடுவாங்க. மேல மென்மை, கீழ கெட்டி. "எம்.சி.ஆர்."னு ஸ்டிக்கர் இருந்தா மட்டும் போதாது, அந்த ரெண்டு அடுக்கு இருக்கான்னு பாருங்க. மென்மையான பகுதி நாளாக நாளாக அமுங்கிடும். கட்டைவிரலால அழுத்தினா எழும்பலைன்னா மாத்துங்க, மேல பளபளன்னு இருந்தாலும் சரி.

அம்மா ஆசையா வச்சிருக்கிற செருப்புல பின்வார் மட்டும்தான் இல்லையா? தெருமுனையில செருப்பு தைக்கிற அண்ணன்கிட்டக் கொடுங்க. "ஆணி வேணாம்ணா, தைச்சுக் கொடுங்க"ன்னு மட்டும் சொல்லுங்க.

கடற்கரை, கோயில், பனி

இப்போ இடங்கள். வீக்கெண்ட்ல ஈ.சி.ஆர்.ல வண்டி ஓட்டிக்கிட்டு அம்மா அப்பாவோட கோவளம், மாமல்லபுரம்னு போறோம். மணல்ல இறங்கினதும் நாம செருப்பைக் கையில எடுத்துக்கறோம், அவங்களும் அப்படியே. மதிய மணல் சுட்டா நாம துள்ளிக் குதிச்சு ஓடுவோம். உணர்வு குறைஞ்ச கால் நிதானமா நடந்து போகும், மறுநாள் கொப்புளம் தெரியும். உடைஞ்ச பாட்டில், சிப்பி எல்லாம் அப்படித்தான். அவங்களுக்குப் பின்வார் வச்ச செருப்போட மணல்ல நடக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் செருப்பைத் தலைகீழாத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்க.

கோயில்ல செருப்பு போட முடியாது. திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலுக்கு ஏறணும்னு அம்மா ஆசைப்பட்டா, வேணாம்னு சொல்லாதீங்க. கல் சூடாகறதுக்கு முன்னாடி காலையிலேயே போங்க. சாக்ஸ் போட்டுக்கலாமான்னு கேட்டுக்கோங்க. இறங்கி வந்ததும் பாதத்தைப் பாருங்க.

நாம மறக்கிற இடம் வீடு. வெளியே போறதுக்கு நல்ல செருப்பு வாங்கிக் கொடுத்துட்டு, நாள் முழுக்க டைல்ஸ் தரையில வெறுங்காலோட நடக்க விடுறோம். வீட்டுக்குள்ளன்னு தனியா ஒரு ஜோடி வாங்குங்க, வழுக்காத அடியோட.

அமெரிக்கா, கனடால பிள்ளைங்க இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 65 வயசுல முதல் தடவையா பூட்ஸ் போடுவாங்க. ஆன்லைன்ல அவங்க செருப்பு நம்பரை அடிச்சு ஆர்டர் பண்ணாதீங்க. கம்பளி சாக்ஸைப் போட்டுக்கிட்டு அளக்கணும். குனிஞ்சு நாடா கட்ட முடியாது, பக்கத்துல ஜிப் இருந்தா நல்லது. எடை குறைவா இருக்கணும். வாங்கின அன்னைக்கே பனியில கூட்டிட்டுப் போகாதீங்க, வீட்டுக்குள்ள தினம் அரை மணி நேரம் போட்டுப் பழகட்டும், கழட்டும்போது சிவப்பு இருக்கான்னு பாருங்க.

"எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

கடைசியா, கஷ்டமான பகுதி. அவங்க போட மாட்டாங்க. "நோயாளி செருப்பு மாதிரி இருக்கு"ன்னு சொல்வாங்க.

அது சும்மா சொல்ற சாக்கு இல்ல. எம்.சி.ஆர். செருப்புக்கே அந்த வரலாறு இருக்கு. போட்டுக்கிட்டுத் தெருவுல நடந்தா பார்க்கிறவங்க கண்டுபிடிச்சிடுவாங்கன்னு, புண் வந்தாலும் பரவாயில்லைன்னு அதைக் கழட்டி வச்சவங்க இருந்தாங்க. பிறகு கடையில விக்கிற செருப்பு மாதிரியே தோற்றத்தை மாத்த வேண்டி வந்தது. மரியாதையை விட்டுக்கொடுத்துக் காலைக் காப்பாத்திக்கோன்னு சொன்னா யாரும் கேட்க மாட்டாங்க, நாமளும் கேட்க மாட்டோம்.

அதனால நீங்களா வாங்கிக் கையில திணிக்காதீங்க. கூட்டிட்டுப் போங்க. அளவு, அடி, வார் இது மூணும் உங்க பொறுப்பு, நிறமும் டிசைனும் அவங்க விருப்பம். கல்யாணத்துக்குப் போக பார்டர் போட்ட மெரூன் செருப்புதான் வேணும்னா, அதுலயே பின்வார் வச்சதைத் தேடுங்க. கிடைக்கும். "உங்களுக்கு வயசாயிடுச்சு"ன்னு ஆரம்பிக்காம, "அடுத்த மாசம் மாமல்லபுரம் போறோம், நடக்கணும்ல"ன்னு ஆரம்பிச்சுப் பாருங்க.

வாங்கின பிறகும் "சௌகரியமா இருக்கா?"ன்னு கேளுங்க, தப்பில்ல. ஆனா அதோட நிறுத்தாதீங்க. வாரம் ஒரு தடவை அவங்க காலை எடுத்து உங்க மடியில வச்சுப் பாருங்க. முதல் தடவை கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்குவாங்க, நம்ம வீடுகள்ல பெரியவங்க காலை நாம தொடறது ஆசீர்வாதம் வாங்க மட்டும்தானே. ரெண்டாவது வாரம் அவங்களே நீட்டுவாங்க.

தாள்ல வரைஞ்சு செருப்பை மேல வச்சுப் பார்த்தீங்களா, கோடு வெளியே போச்சான்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.